மாஸ்டர் எடை மெஷினில் ஏறிய திங்கட்கிழமை

"முப்பத்தொன்பதூ!"

தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து பி.டி. மாஸ்டர் இப்படிக் கத்துவார். மரத்தடி மேசையிலிருந்து நானும் "முப்பத்தொன்பது!" என்று திருப்பிக் கத்திவிட்டு ஹெல்த் ரிஜிஸ்டரில் எழுதுவேன். நான் திருப்பிச் சொல்லாவிட்டால் அவர் அடுத்த பிள்ளையை மெஷினில் ஏற்ற மாட்டார். அது அவருடைய சட்டம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளின் எடையும் எங்கள் பள்ளியில் இப்படித்தான் ஊருக்கு அறிவிக்கப்பட்டது. ஊருக்கு என்று சும்மா சொல்லவில்லை. மாஸ்டரின் தொண்டை அப்படி. காம்பவுண்டு சுவரைத் தாண்டித் தெருமுனை பேக்கரி வரைக்கும் கேட்கும். ஒருநாள் பன் வாங்கப் போனபோது பேக்கரிக்காரர் என்னிடம், "இந்த வருசம் எய்த் ஸ்டாண்டர்டு பசங்க பரவால்ல மேடம், போன வருசத்துக்கு நல்லா தேறிட்டாங்க" என்றார். கிண்டல் இல்லை. நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்.

மாஸ்டர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பெங்களூர் தொம்மலூரில் பழைய ஊர்ப்பகுதியில், நாலு பக்கமும் கண்ணாடி ஆபீஸ்கள் முளைத்துவிட்ட ஒரு சந்துக்குள் இருக்கிறார். அவ்வப்போது போன் செய்து "இன்னா மேடம், ஸ்கூல் நட்க்குதா, நான் இல்லாம தூங்குதா?" என்று கேட்பார். நடக்கிறது மாஸ்டர், சத்தம்தான் இல்லை என்பேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அந்தச் சத்தம்தான் காதில் விழுகிறது. அதற்கு அடுத்தபடியாக வெட்கம் வருகிறது. வெட்கம் அவருடையது இல்லை, என்னுடையது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் குடியாத்தத்தில் பிறந்து, கல்யாணமாகி ஜீவனஹள்ளிக்கு வந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் என்னை "கொஞ்சம் பூசினாப்ல இருக்கா, பரவால்ல" என்று சொல்லி வைத்தார்கள். அந்தப் 'பரவால்ல' இன்றுவரை என் காதில் இருக்கிறது. கல்யாண ஆல்பம் முழுவதிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். தாலி கட்டும் படத்தில் முகம் கொஞ்சம் நீலமாகவே இருக்கும். இத்தனைக்கும் எம்.எஸ்ஸி. படித்தவள், உடம்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். படிப்பு வேறு, ஆல்பம் வேறு.

இந்தப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடமே ஹெல்த் ரிஜிஸ்டரை என் தலையில் கட்டினார்கள். எடை மெஷின் ஆடாமல் நிற்க சமதளம் வேண்டும். அப்படி ஓரிடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து சிமெண்டுத் தரைதான். மேசையோ இருபது தப்படி தள்ளி, தூங்குமூஞ்சி மரத்தடியில். நான் சேர்ந்த புதிதில் மாஸ்டர், "மேடம், மேசைய இந்தாண்ட போட்டுக்கலாமா? கத்திக் கத்தி தொண்டை போவுது" என்று ஒருமுறை கேட்டார். நான்தான் மாட்டேன் என்றேன். அங்கே வெயில். வெயிலில் உட்கார்ந்தால் கறுத்துவிடுவேன். பெங்களூர் ஜூன் மாத வெயில் ஒரு வெயிலா? குடியாத்தத்தில் வளர்ந்தவளுக்கு அது நிலாவெளிச்சம் மாதிரி. ஆனால் அப்போது என் முகத்துக்கு நான் ஒரு கிரீம் பூசிக்கொண்டிருந்தேன், அதன் டப்பாவில் வெயில் கூடாது என்று போட்டிருந்தது. என் முகம் கறுக்கக் கூடாது என்பதற்காக நானூறு பிள்ளைகளின் எடை இருபது தப்படி தூரத்துக்கு ஆறு வருடம் கத்தப்பட்டது. இதை மாஸ்டர் யாரிடமும் சொன்னதில்லை. நானே இப்போதுதான் சொல்கிறேன்.

கத்தின எண் அன்றோடு போகாது. அடுத்த ஜூன் வரைக்கும் அதுதான் பிள்ளைகளுக்குப் பெயர். ஒன்பதாம் வகுப்பில் ஓர் ஒல்லிப் பையனை எல்லோரும் 'இருபத்தெட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எண் இருபத்தெட்டுக்கு வேறு பிள்ளை எழுந்து நிற்க, இவனும் சேர்ந்து எழுந்து "பிரசென்ட் மிஸ்" என்பான். அடுத்த வருடம் அவன் எடை நாள் அன்று இரண்டு பாக்கெட்டிலும் ஜல்லிக்கல்லை நிரப்பிக்கொண்டு வந்தான். மாஸ்டர் "முப்பத்தி மூணூ!" என்று கத்தி, நானும் திருப்பிக் கத்தி, அவன் பெருமையாக இறங்கும்போது ஒரு பாக்கெட் கிழிந்து கல்லெல்லாம் சிமெண்டுத் தரையில் உருண்டது. பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேனா? கவனித்தேன். இருந்தும் சிரித்தேன்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்பு ஒரு ஜூனில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெஷினில் ஏறினாள். என் வகுப்புப் பெண். நல்ல வளர்த்தி, நல்ல உடம்பு, அதைவிட நல்ல வாய். அறிவியல் வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டால் அவள் என்னை இரண்டு கேட்பாள். மாஸ்டர் முள்ளைப் பார்த்தார். வழக்கத்தைவிட ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு கத்தினார். நான் திருப்பிக் கத்தினேன். அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை, ஒருமுறை கத்தினது போதும். வரிசையில் ஒரு பையன், "மிஸ், அது ரெண்டு பேரு வெயிட்டா?" என்று கேட்டான். சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வகுப்புக்குப் போனாள். அந்த வாயிலிருந்து அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் அவளுடைய அம்மா வந்தார். மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை, டூட்டி முடிந்து பச்சைக் கோட்டோடு நேராக வந்திருந்தார். "அவ வரமாட்டேங்கறா மேடம். சொல்லிப் பாத்தேன், அடிச்சும் பாத்தேன். டீ.சி. குடுத்துடுங்க. கார்மெண்ட்ஸ்ல எங்க அண்ணி கீறாங்க, வேலைக்கு வயசு ஆனதும் சேத்துக்கறேன்னு சொல்றாங்க. அதுவரிக்கும் வூட்ல இருக்கட்டும்" என்றார். வகுப்பில் முதல் ஐந்துக்குள் வருகிற பெண். ஒரு எண்ணைக் கத்தியதற்கு ஒரு படிப்பு நிற்பதா? டீ.சி. எழுத ஒரு மாதம் ஆகும் என்று ஒரு பச்சைப் பொய்யைச் சொல்லி அந்த அம்மாளை அனுப்பினேன். எங்கள் ஆபீஸில் டீ.சி. பத்து நிமிடத்தில் கிடைக்கும்.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்ச் சொன்னேன். அவர் மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், எதற்கும் ஒரு நிகழ்ச்சி நடத்தித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். "ஆயித்து, ஒந்து புரோகிராம் மாடோணா" என்றார், சரி, ஒரு நிகழ்ச்சி வைத்துவிடலாம் என்று. அடுத்த வெள்ளிக்கிழமை, வளரும் பிள்ளைகள் தங்கள் உடம்பை நல்லபடியாக நினைப்பது எப்படி என்று பேச ஒரு பயிற்சியாளர் அம்மா வந்தார். நல்லவர்தான். புரொஜெக்டர், ஸ்லைடு, ஐம்பது கைக்கண்ணாடி எல்லாம் கொண்டுவந்திருந்தார். எல்லாம் இங்கிலீஷ். பின்வரிசைக்குப் புரிய வேண்டுமே என்று தமிழிலும் கன்னடத்திலும் மொழிபெயர்க்க, சத்தம் அதிகமாக உள்ளவர் என்ற ஒரே தகுதியில் மாஸ்டரை மேடை ஏற்றினார்கள்.

அந்த அம்மா ஐந்து நிமிடம் அழகாகப் பேசி நிறுத்துவார். மாஸ்டர் அதை ஒரு வரியில் முடிப்பார். "அவங்க இன்னா சொல்றாங்கன்னா, ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாதிரி. குண்டு, ஒல்லி, நெட்ட, குட்டன்னு யாரும் யாரையும் கூப்டக் கூடாது. கூப்ட்டா அஞ்சு ரவுண்டு ஓடணும். புரிஞ்சுதா?" என்றவர், கூட்டத்தைப் பார்த்து அதே மூச்சில், "டேய் குண்டா, பின்னாடி இன்னாடா பேச்சு?" என்றார்.

ஹால் அதிர்ந்தது. பயிற்சியாளர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாததால், தன் பேச்சுக்குத்தான் இவ்வளவு வரவேற்பு என்று நினைத்துக் கைகூப்பினார். ஒரு பொடிப் பையன் எழுந்து, "சார், அஞ்சு ரவுண்டு யாரு ஓடணும்?" என்று கேட்டான். மாஸ்டர் அசடு வழிந்தார். பிறகு கைக்கண்ணாடியைக் கொடுத்து, அதில் முகத்தைப் பார்த்து "நான் அழகு" என்று மூன்று முறை சொல்லச் சொன்னார்கள். பெண்கள் சொல்லிவிட்டுச் சிணுங்கினார்கள். பையன்கள் கண்ணாடியை ஜன்னல் பக்கம் சாய்த்து, வெயிலைப் பிடித்து ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தில் அடித்தார்கள். நானும் ஒரு கண்ணாடியை எடுத்து, யாரும் பார்க்காத நேரத்தில், பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். யாருக்காக இதெல்லாம் நடந்ததோ அவள் ஜீவனஹள்ளியில் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்த மாஸ்டர், பஜ்ஜித் தட்டைத் தொடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கே பயமாகிவிட்டது. "அந்தப் பொண்ணு வூட்டாண்ட போலாமா மேடம்?" என்றார். அவர் சொல்லாவிட்டால் எனக்குப் போகத் தோன்றியிருக்காது. நான் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை மதியம் போனோம். மாஸ்டர் ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம் வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரி அதை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். ஒற்றை அறை வீடு. அந்தப் பெண் வாசல் ஓரமாக உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள், அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். மாஸ்டர் நின்றபடியே பிரசங்கத்தை ஆரம்பித்தார். "யம்மா, ஒடம்புன்றது சும்மா ஒரு இது. அதப் போய் நெனச்சிக்கினு படிப்ப உடுவாங்களா? வெயிட்டு இன்னா வெயிட்டு, வெறும் நம்பரு! நம்பருக்குப் போய் யாராச்சும் பயப்படுவாங்களா?"

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "உங்க நம்பரு எவ்ளோ சார்?" என்றாள்.

"எழுவத்தி ரெண்டு" என்றார் மாஸ்டர், கண் இமைக்காமல்.

அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் வாழைப்பழத்தை எண்ணினேன். அந்தப் பெண் மாஸ்டரை மேலிருந்து கீழ் வரை, தொப்பை வந்ததும் கொஞ்சம் தங்கி, ஒருமுறை பார்த்தாள். "மெஷின்ல ஏறிச் சொல்லுங்க சார். ப்ரேயர்ல, எல்லார் முன்னாடியும். நான் வந்து பாக்கறேன்" என்றாள்.

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆனால் பின்வாங்கவும் வராது அவருக்கு. "ஏறறேன். இன்னா இப்போ? நாளன்னிக்கி இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கெழம வா" என்று சொல்லிவிட்டு, பழத்தை என் கையில் திணித்துவிட்டு, வேகமாகத் தெருவில் இறங்கி நடந்தார். பழத்தைக் கொடுக்க வேண்டியது அந்த வீட்டில் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

திங்கட்கிழமைக்கு இடையில் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் பள்ளிக்கூடத்துக்கே தெரிந்துபோனது, மாஸ்டர் இளைக்கப் பார்க்கிறார் என்று. காலை ஆறரைக்கே வந்து கிரவுண்டைச் சுற்றினார். வாட்ச்மேன் கணக்குப்படி இரண்டாவது சுற்றில் நின்றுவிடுவார். பஜ்ஜி இல்லை, பன் இல்லை, டீயில் சர்க்கரை இல்லை. ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீரும், கோபமும்தான். இரண்டாம் நாள் ஒரு பிள்ளையை, தான் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தான் என்பதற்காக வெளியே நிற்க வைத்தார். நான்காம் நாள் என்னிடம் ரகசியமாக வந்தார். மாஸ்டரின் ரகசியம் என்றால் ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்கும்.

"மேடம், சயின்ஸ்படி சொல்லுங்க. ஒத்தக் கால்ல நின்னா வெயிட்டு கொறையுமா?"

"குறையாது மாஸ்டர்."

"மூச்ச உள்ள இஸ்த்துப் புடிச்சா?"

"அதை நான் ஆல்பம் முழுக்க முயற்சி செய்து பார்த்துவிட்டேன் மாஸ்டர். குறையாது."

"இன்னா சயின்ஸு மேடம் இது, ஒண்ணுத்துக்கும் ஒதவாது" என்று அலுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு ஸ்போர்ட்ஸ் ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். எடை மெஷினைத் தரையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கையில் ஸ்குரூ டிரைவரோடு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்குரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எட்டாம் வகுப்புப் பையன் பிட்டை மறைப்பது போலவே இருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அது அடங்கிவிட்டது.

"எனக்குப் பயமா கீது மேடம்" என்றார். கத்தாமல் சொன்னார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகவும் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "நான் கபடி ஆடி, அந்தக் கோட்டாவுல வேலைக்கு வந்தவன். வந்தப்போ வவுறு ஒட்டிக்கினு கெடக்கும். அப்பறம் முட்டி போச்சு, ஆட்டம் போச்சு, வவுறு வந்துச்சு. இத்தினி வருசம் இந்த மெஷின் பக்கத்துலயே நிக்கறேன், ஒரு நாளு ஏறினதில்ல. தொப்ப வெச்ச பி.டி. மாஸ்டரு ஓடுன்னா எந்தப் பையன் ஓடுவான்? அவங்க சிரிச்சாங்கன்னா அதுக்கப்பறம் எனக்கு இந்தக் கிரவுண்டுல இன்னா வேல?"

அவருக்குப் பயம் என்றால் எனக்கு அதைவிடப் பயம். அவர் ஏறாவிட்டால் அந்தப் பெண் வரமாட்டாள், டீ.சி.க்கு நான் சொன்ன ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. "ஏறிடுங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னேன். அவர் மெஷினை நிமிர்த்தி வைத்தார். ஒரு ஸ்குரூவும் கழற்றவில்லை.

திங்கட்கிழமை வந்தது. ப்ரேயருக்கு மொத்தப் பள்ளியும் வரிசையில் நின்றது. அந்தக் காலாண்டில் முதல் முறையாக ஒரு பிள்ளைகூட லேட் இல்லை. பேக்கரிக்காரர் காம்பவுண்டு கேட் பக்கம் வந்து நின்றிருந்தார். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். யூனிஃபார்ம் இல்லை, தொளதொள நைட்டிமேல் ஒரு துப்பட்டா, பக்கத்தில் பச்சைக் கோட்டில் அம்மா. பார்த்துவிட்டுப் போக வந்தவள்தான் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. தேசிய கீதம் முடிந்ததும் மாஸ்டர் சிமெண்டுத் தரைக்கு வந்தார். முதலில் ஷூவைக் கழற்றினார். விசிலைக் கழற்றினார். சாவிக்கொத்து, பர்ஸ், செல்போன், கைக்கடிகாரம், பாக்கெட் பேனா. ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டூலில் வைத்தார். பையன்கள் ஒவ்வொன்றுக்கும் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். கடைசியாகத் தன் நீல ஜாக்கெட்டைக் கழற்றினார். முதுகில் பள்ளிப் பெயர் அச்சடித்த டிராக் ஜாக்கெட் அது. ஏப்ரல் வெயிலிலும் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அதைப் போட்டிருந்தால் தொப்பை தெரியாது என்று நம்பிய ஒரே மனிதர் அவர்தான். அன்று வெறும் டி-ஷர்ட்டோடு நின்றார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மெஷினில் ஏறினார்.

முள் பாய்ந்தது. நான் மரத்தடியை விட்டு எழுந்து, ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு, அந்த இருபது தப்படியையும் வெயிலில் நடந்தேன். நடக்கும்போது என் முகத்தைப் பற்றி நினைவே வரவில்லை. நான் குனிந்து பார்ப்பதற்குள், "மிஸ், நான் பாக்கறேன்" என்று அவள் முன்னால் வந்துவிட்டாள்.

குனிந்து பார்த்தாள். மாஸ்டருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு கையையும் இறுக்கி மூடியிருந்தார். அவள் முள்ளைப் பார்த்துவிட்டு அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. கத்துவதற்கு என்னையும் அவரையும் விட அவளுக்கு உரிமை அதிகம். கத்தட்டும் என்றுதான் நானும் நின்றேன்.

அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். ரிஜிஸ்டரில் எழுதினாள். மூடினாள்.

"எவ்ளோ? எவ்ளோ?" என்று பையன்கள் கத்தினார்கள். அன்றைக்கு மெஷினில் அவளைப் பார்த்துக் கேள்வி கேட்ட அதே பையன் வரிசையை விட்டே வெளியே வந்துவிட்டான். "ஏய், எவ்ளோன்னு சொல்லு!"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "உனுக்கு இன்னாத்துக்கு? தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற? தூக்கிக்கினா போப் போற?"

அந்த வாய் திரும்பி வந்துவிட்டது. பள்ளிக்கூடமே சிரித்தது. கேட்டில் பேக்கரிக்காரர் கைதட்டினார், ஹெட்மிஸ்ட்ரஸ் யாரிடமோ கன்னடத்தில் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு நிமிடம் தாமதமாகத் தனியாகச் சிரித்தார். இதெல்லாம் எதற்கு என்று தெரியாமல் மாஸ்டர் மட்டும் கண்ணை மூடியபடி மெஷின்மேல் நின்று, "எறங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ரிஜிஸ்டர் இன்றும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டால் அவள் சொன்ன பதிலைத்தான் நானும் சொல்வேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் அம்மாவின் பக்கம் திரும்பி, "போலாம்மா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாஸ்டர் பதறிப்போய் இறங்கினார். "எங்க போற? அதான் ஏறிட்டேன் இல்ல? போ, லைன்ல நில்லு."

"யூனிஃபார்ம் இல்ல சார்."

"தோய்க்கப் போட்டியா? பரவால்ல, இன்னிக்கி ஒரு நாளு..."

"பத்தல சார்" என்றாள். தரையைப் பார்த்துச் சொன்னாள். "போன வருசத்தது இடுப்புல ஏறல. புதுசு வாங்கப் போனா கடையில என் சைஸே இல்லன்ட்டாங்க. பெரிய சைஸ் வராதாம். அந்தக் கடை ஆளும் சிரிச்சாரு. அன்னிக்கி பின்னாடி ஊக்கு குத்தினு வந்தேன். மெஷின்ல ஏறும்போது அது பிச்சிக்கிச்சி."

என்னைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல். ஸ்லைடு போட்டோம், கண்ணாடி கொடுத்தோம், வீட்டுக்குப் போய்ப் பிரசங்கம் செய்தோம். உனக்கு என்னம்மா கஷ்டம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாலு தெரு தள்ளியிருந்த நான் கேட்கவில்லை. பள்ளிக்கு யூனிஃபார்ம் தருகிற கடை ஒன்றே ஒன்றுதான், அங்கேதான் வாங்க வேண்டும் என்று டைரியில் சட்டமாகவே அச்சடித்திருக்கிறோம். யூனிஃபார்ம் இல்லாமல் வந்தால் கேட்டிலேயே நிறுத்துவோம் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. அவள் அழகாக இருக்கிறாளா என்பது அவளுக்குக் கேள்வியாகவே இல்லை. பாவாடை இடுப்பில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மாஸ்டர் ஸ்டூலைப் பார்த்தார். நீல ஜாக்கெட்டை எடுத்து உதறி அவளிடம் நீட்டினார். ஹெட்மிஸ்ட்ரஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டர் ஜாக்கெட்டின் முதுகைத் திருப்பிக் காட்டி, "ஸ்கூல் ஹெசரு இதெ அல்லவா மேடம்? ஸ்கூல் பேரு கீதே, இதுவும் யூனிஃபார்ம்தான்" என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் பள்ளிப் பெயரைப் படித்தார், பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். "ஆயித்து, ஆயித்து" என்றார். அந்த வாரமே கடைக்காரரைக் கூப்பிட்டு அவர் கன்னடத்தில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதற்கு அப்புறம் பிள்ளைக்குத் தகுந்த மாதிரி அளவெடுத்துத் தைத்துத்தான் வருகிறது. எடை மெஷினும் ஒரு கதவுள்ள அறைக்குள் போய்விட்டது. நானே பார்த்து நானே எழுதுகிறேன்.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு அவள் அந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள். மாஸ்டர் அளவு ஜாக்கெட், கை விரலைத் தாண்டித் தொங்கியது, இடுப்பில் இன்னோர் ஆள் நுழையலாம். அவள் இரண்டு கையையும் நீட்டி, முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"சார், லூசா கீது" என்றாள். பிறகு அவள் அம்மாவிடம் ஓடிப்போய், ஏதோ பரிசு வாங்கினவள் மாதிரிக் காட்டினாள். "யம்மா, பாரேன்! எனுக்கு லூசா கீது!"

வரிசையில் போய் நின்றாள். ஜாக்கெட்டை அவள் திருப்பித் தரவில்லை, மாஸ்டர் கேட்கவும் இல்லை. அந்த வருடம் முழுக்க அவர் வெறும் டி-ஷர்ட்டோடுதான் கிரவுண்டில் நின்று விசில் ஊதினார்.